தக்காளிக்கு அடியாள் வச்ச வாரம்

போன ஞாயித்துக்கிழமையே எழுதியிருக்கணும். கிணத்து மோட்டார்ல காயில் கருகிப்போச்சு. கழட்டி, டிவிஎஸ் வண்டியில கட்டி ஒட்டன்சத்திரத்துக்குக் கொண்டுபோய், சுத்தி வாங்கிட்டு வந்து மாட்டுறதுக்குள்ள ஒரு வாரம் ஓடிப்போச்சு. 6,500 ரூபாயும் ஓடிப்போச்சு. அதனால ரெண்டு வாரத்து வினோதச் செய்திகளையும் சேர்த்து இன்னிக்கு எழுதுறேன். இன்னிக்கு ஜூலை 23, 2023. நல்லவேளை, ரெண்டு வாரமும் ஒரே கதைதான் ஓடிக்கிட்டு இருக்கு.

எங்க ஊர் டீக்கடையில பேப்பர் படிக்கிறதுக்கு ஒரு முறை உண்டு. முதல் பக்கத்தைப் பெரியவங்க எடுத்துக்குவாங்க. விளையாட்டுப் பக்கம் காலேஜ் பசங்களுக்கு. சினிமாப் பக்கத்தை டீ மாஸ்டர் யாருக்கும் தரமாட்டார். மிச்சம் இருக்கிற உள்பக்கம்தான் எனக்கு வரும். 'நாய்க்குக் கல்யாணம், ஊரே விருந்து' மாதிரி செய்தியெல்லாம் அதுலதான் இருக்கும். எனக்கும் அதுதான் பிடிக்கும். முதல் பக்கம் படிச்சா ரத்தக்கொதிப்பு ஏறுது. உள்பக்கம் படிச்சா டீ ருசிக்குது.

முதல்ல வெளிநாட்டுச் சமாச்சாரம். ட்விட்டர் முதலாளி எலான் மஸ்க்கும் பேஸ்புக் முதலாளி மார்க் ஜக்கர்பெர்க்கும் கூண்டுக்குள்ள இறங்கிச் சண்டை போடப்போறதா ஒரு மாசமாப் பேச்சு. இவர் வர்றியான்னார், அவர் இடத்தைச் சொல்லுன்னார். நடுவுல ஜக்கர்பெர்க், ட்விட்டருக்குப் போட்டியா 'த்ரெட்ஸ்'னு ஒண்ணு ஆரம்பிச்சு, அஞ்சே நாள்ல 10 கோடிப் பேர் சேர்ந்துட்டாங்களாம். சண்டை மட்டும் இன்னும் நடக்கல. எங்க பக்கம் சேவக்கட்டு பார்த்து வளர்ந்தவங்க நாங்க. கொக்கரிக்கிற சேவல் கொத்தாதுன்னு எங்களுக்குத் தெரியும். டீக்கடையில இருந்த பெரியப்பா ஒரு சந்தேகம் கேட்டார். "ரெண்டு பேர்ல யாருடா வெடக்கோழி?" யாருக்கும் பதில் தெரியல.

அடுத்தது மெஸ்ஸி. உலகக்கோப்பை வாங்கினாரே, அந்த மெஸ்ஸிதான். அமெரிக்காவுல மயாமி டீமுக்குப் போயிருக்கார். போன புதுசுல குடும்பத்தோட ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், தானே வண்டியைத் தள்ளிக்கிட்டு சாமான் வாங்கியிருக்கார். அந்த போட்டோதான் உலகம் பூராச் செய்தி. நான் வாரம் தவறாம பையைத் தூக்கிக்கிட்டு சந்தைக்குப் போறேன். ஒருத்தனும் போட்டோ எடுத்ததில்லை. என் மகன் போன்ல காட்டினப்ப, அந்த வண்டிக்குள்ள தக்காளி இருக்கான்னுதான் பெருசு பண்ணிப் பார்த்தேன். சரியாத் தெரியல. இருந்திருந்தா அவர் சம்பளத்துக்கு அது பொருத்தமான சாமான்தான்.

ஏன் தக்காளியைத் தேடினேன்னு கேட்கிறீங்களா? இந்த ரெண்டு வாரமா எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அதுதானே இருக்கு.

டெல்லிப் பக்கம் மெக்டொனால்ட்ஸ் கடைகள்ல ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்காங்க. எவ்வளவோ முயற்சி பண்ணியும் எங்க தரத்துக்குத் தக்காளி போதுமான அளவு கிடைக்கல, அதனால கொஞ்ச நாளைக்குத் தக்காளி இல்லாமத்தான் தருவோம், மன்னிச்சுக்கங்கன்னு. விலைக்காக இல்லையாம், தரத்துக்காகவாம். சரி, நம்புவோம். விலை ஏறினா தரம் குறைஞ்சு தெரியறது எங்க வீட்லயும் உண்டு. ஆடி மாசத்துல சேலைக் கடைக்குப் போனா, விலைச் சீட்டைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரம்மாவுக்குச் சாயம் போற மாதிரித் தெரியும்.

காசியில ஒரு காய்கறிக்கடையில தக்காளிக்குக் காவலா ரெண்டு பவுன்சர்களை நிறுத்தின செய்தி வந்துச்சு. கருப்புச் சட்டை போட்ட வாட்டசாட்டமான ஆளுங்க. யாரும் தக்காளியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, முதல்ல காசை எடுத்து வைக்கணும். சினிமா நடிகைக்கு வைக்கிற காவல் தக்காளிக்கு வந்தாச்சேன்னு நாங்க சிரிச்சு முடிக்கல, அடுத்த செய்தி வந்துருச்சு. அது விலைவாசியைக் கிண்டல் பண்ண ஒரு கட்சிக்காரர் செஞ்ச ஏற்பாடாம். செய்தி போட்ட நிறுவனமே அதை நீக்கிடுச்சு. கடைக்காரரைப் போலீஸ் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. பவுன்சர் வச்சவர் ஒருத்தர், மாட்டினவர் இன்னொருத்தர். காய்கறி வியாபாரத்துல எப்பவுமே அப்படித்தான்.

மத்தியப் பிரதேசத்துல ஷாடோல்னு ஒரு மாவட்டம். அங்க ஒருத்தர் சின்னதா சாப்பாட்டுக்கடை நடத்துறார். பொண்டாட்டியைக் கேட்காம ரெண்டு தக்காளியைக் குழம்புல போட்டுட்டார். அந்தம்மா கோவிச்சுக்கிட்டு மகளைக் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடுச்சு. இவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் முறையிட்டிருக்கார். இதை நான் வீட்ல வாசிச்சுக் காட்டினேன். என் வீட்டுக்காரம்மா சிரிக்கல. "ரெண்டு தக்காளிக்காக யாரும் போகமாட்டாங்க. ரெண்டு தக்காளியில முடிஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஆரம்பம் எங்கேயோ இருக்கும்"னு சொல்லிட்டு உலையைப் பார்க்கப் போயிடுச்சு. அன்னிக்கு ரெண்டாவது தடவை ரசம் கேட்க எனக்குத் தைரியம் வரல.

இப்ப பிரபலம். சுனில் ஷெட்டி, இந்தி நடிகர். நம்ம ஊர்க்காரங்களுக்கு 'தர்பார்' படத்துல ரஜினிக்கு வில்லனா வந்தவர்னா தெரியும். கிரிக்கெட் கே.எல்.ராகுலுக்கு மாமனார். அவர் ஒரு பேட்டியில, தக்காளி விலை எங்க அடுப்படியையும் பாதிச்சிருக்கு, நானும் இப்பத் தக்காளி கம்மியாத்தான் சாப்பிடுறேன்னு சொல்லிட்டார். உடனே மகாராஷ்டிரா விவசாயத் தலைவர்கள் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. எப்பவோ ஒரு தடவை விவசாயிக்கு நாலு காசு கிடைக்குது, கோடீஸ்வரனுக்கு அது பொறுக்கலையான்னு. கடைசியில அவர், விவசாயிகளைத் தப்பாப் பேசணும்னு நான் நினைச்சதே இல்லை, நானே ஹோட்டல் நடத்துறவன், அவங்களோட எனக்கு நேரடிப் பழக்கம் உண்டுன்னு மன்னிப்புக் கேட்டார்.

டீக்கடையில இதுக்கு ரெண்டு கட்சி ஆயிடுச்சு. நான் சுனில் ஷெட்டி கட்சி. பாவம், மனுஷன் உண்மையைத்தான் சொன்னார். விலை ஏறினா பணக்காரனும் யோசிச்சுத்தான் வாங்குவான். யோசிக்காம செலவு பண்றவனா இருந்தா அவன் பணக்காரனாவே ஆகியிருக்க மாட்டான். அதோட இன்னொண்ணு. அவர் தக்காளி கம்மியாச் சாப்பிடுறதா நாடே பேசுது. நான் தக்காளி விளைவிக்கிறவன். நானும்தான் கம்மியாச் சாப்பிடுறேன். என்னை யாரும் பேட்டி எடுக்கல.

இதெல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்ட செய்தி நேத்து சனிக்கிழமை வந்தது. இந்த மாசம் 8-ம் தேதி கர்நாடகாவுல சித்ரதுர்கா மாவட்டத்து விவசாயி ஒருத்தர் ரெண்டு டன்னுக்கு மேல தக்காளியை வண்டியில ஏத்திக்கிட்டு கோலார் மார்க்கெட்டுக்குப் போயிருக்கார். பெங்களூர்ல ஒரு காரை வழிமறிச்சு நிறுத்தி, எங்க கார்ல இடிச்சிட்ட, காசு கொடுன்னு தகராறு பண்ணி, வண்டியோட கடத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இப்பப் பிடிபட்டிருக்கிறது வேலூர்ப் பக்கத்து புருஷன் பொண்டாட்டி. தக்காளியைச் சென்னைக்குக் கொண்டுபோய் வித்துட்டு, காலி வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிருக்காங்க. சென்னையில இருக்கிற நண்பர்கள் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரெண்டாவது வாரத்துல நீங்க வச்ச தக்காளிச் சட்னி களவு மாலா இருக்க வாய்ப்பு இருக்கு. பயப்படாதீங்க. சாட்சி இந்நேரம் செரிச்சிருக்கும்.

இப்படிச் சிரிச்சுக்கிட்டு இருந்தப்பத்தான் சென்னையில இருக்கிற மகள் போன் பண்ணுச்சு.

"அப்பா, எங்க அடுக்குமாடியில எல்லாரும் கேட்கிறாங்க. உங்கப்பா தக்காளி போடுறவராச்சே, இந்நேரம் கோடீஸ்வரர் ஆயிருப்பாரேன்னு. புனே பக்கத்துல ஒரு விவசாயி ஒரே மாசத்துல 13,000 பெட்டி வித்து ஒன்றரைக் கோடி சம்பாதிச்சிருக்காராமே. நம்மது எவ்வளவுப்பா போச்சு?"

"நம்மது மே மாசமே போச்சும்மா."

"எவ்வளவுக்கு?"

"ஆட்டுக்கு."

அதுக்கு முதல்ல புரியல. நான் சொல்லவும் இல்லை. அப்ப அது மாசமா இருந்துச்சு, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டோம். இப்பச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

தை மாசம் 50 சென்ட்ல தக்காளி நட்டேன். நாத்து, குச்சி, கம்பி, சணல், உரம், மருந்துன்னு 40,000 ரூபாய் கிட்ட உள்ள போச்சு. பங்குனியில காய்ப்பு ஆரம்பிச்சது. நல்ல காய்ப்பு. குச்சி தாங்காத காய்ப்பு. எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் நல்ல காய்ப்பு. அதுதான் கோளாறு. சித்திரை பொறக்கிறதுக்குள்ள 14 கிலோ பெட்டி 40 ரூபாய்க்கு வந்துருச்சு.

ஏப்ரல் கடைசியில ஒரு நாள் 30 பெட்டி அனுப்பினேன். அந்தச் சிட்டையை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால செருகி வச்சிருக்கேன். 30 பெட்டிக்கு 1,200 ரூபாய். கமிஷன் 120. வண்டி வாடகை பெட்டிக்கு 15 வீதம் 450. இறக்குக்கூலி 90. கைக்கு வந்தது 540. பழம் பறிச்ச நாலு பொம்பளைங்களுக்குக் கூலி 1,200. டீ வடை 80. ஆகமொத்தம் 420 கிலோ தக்காளியை நான் 740 ரூபாய் கொடுத்து உலகத்துக்குத் தானம் பண்ணியிருக்கேன். இதுல விதை, உரம், என் உழைப்பு சேர்க்கல.

அடுத்த பறிப்புக்கு ஆள் கூப்பிடல. கூப்பிட்டாக் கூலி கொடுக்கணும். பழம் செடியிலயே பழுத்து, வெடிச்சு, ஒழுகுச்சு. காலையில தோட்டத்துக்குப் போனா புளிச்ச வாசம். கிடை போடுறவர்கிட்ட சொல்லி ஆட்டை விட்டேன். அதுங்களும் முதல் நாள் ஆசையாத் தின்னுச்சு, ரெண்டாவது நாள் வரப்புல இருந்த அருகம்புல்லுக்குப் போயிடுச்சு. மே முதல் வாரத்துல டிராக்டர் விட்டு உழுதுட்டேன். உழவுக்கூலி தனி.

மகள் கேட்டுச்சு, "ஏம்ப்பா, இதெல்லாம் அப்போ செய்தியில வரலையே?"

"ஆட்டுக்குத் தக்காளி போடுறது எங்க ஊர்ல வினோதம் இல்லையேம்மா. வருஷா வருஷம் நடக்கிறதுதானே."

மே மாசம் என்னைய மாதிரி உழுதுபோட்டவங்க எத்தனை பேரோ, அத்தனை பேர் தக்காளியும் ஜூலையில மார்க்கெட்டுக்கு வரல. கோலார்ப் பக்கம் வெள்ளை ஈ வந்து இலைச்சுருட்டு நோய் அடிச்சது. வடக்கே மழை. தக்காளியைக் கொட்டி வச்சிருந்து விக்க அது நெல்லு இல்லை, நாலு நாள்ல அழுகும். அதனால மேயில அழுகினது ஜூலைக்கு உதவாது. கிலோ மூணு ரூபாய்க்கும் கிலோ 120 ரூபாய்க்கும் நடுவுல இருக்கிறது ரெண்டே மாசம்தான்.

எங்க பங்காளி ஒருத்தர் மே மாசத்துல, எல்லாரும் சிரிக்கச் சிரிக்க, 30 சென்ட் நட்டார். இப்போ பெட்டி 1,100 ரூபாய்க்குக் கொடுக்கிறார். பழைய பைக் ஒண்ணு வாங்கிட்டார். ராத்திரி டார்ச்சும் தடியுமாத் தோட்டத்துலயே படுக்கிறார், கூட நாய். காசி பவுன்சராவது நாடகம், இவர் நிஜ பவுன்சர். ஒரு தடவை சாமத்துல என் மேலயே டார்ச் அடிச்சு, "யார்ரா அவன்"னார். "நான்தான்டா, மோட்டார் போட வந்தேன்"னேன். "சரி, வரப்பு ஓரமாப் போ"ங்கிறார். அவர் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவன் நான்.

எங்க வீட்ல இப்போ கால் கிலோ தக்காளி 30 ரூபாய்க்கு வாங்குறோம். தக்காளி நட்ட நிலத்துக்கு முன்னால இருக்கிற பெட்டிக்கடையில. கடைக்காரம்மா ஒவ்வொண்ணா எடுத்துத் தராசுல வைக்கிறப்ப, தங்கம் நிறுக்கிற மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எங்க அப்பத்தா புளியை மட்டும் கரைச்சு ரசம் வச்சே எங்களை வளர்த்துச்சு. அதனால நாங்க சமாளிச்சுக்குவோம்.

மகள் ரேஷன் கடையில வரிசையில நின்னு கிலோ 60 ரூபாய்க்கு வாங்குச்சாம். இந்த மாசம் 4-ம் தேதி சென்னையில 82 ரேஷன் கடையில அரசாங்கம் ஆரம்பிச்சது. டெல்லியில 14-ம் தேதியில இருந்து மத்திய அரசு 90 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பிச்சு, ரெண்டே நாள்ல 80 ஆக்கிட்டாங்க. நல்ல காரியம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் மகளும் அந்த வரிசையில நிக்குதே. எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான். விலை 120 ஆனதும் ஒரு வாரத்துல கடை திறக்க முடியுதுல்ல? விலை மூணு ஆகிறப்போ இதே வேகத்துல வந்து, கிலோ 12 ரூபாய்னு எடுத்திருந்தா நான் உழுதிருக்க மாட்டேன். 12 ரூபாய் போதும். கோடி எல்லாம் வேண்டாம். நான் உழாம இருந்தா என் செடியில இன்னும் ஒரு மாசம் காய் இருந்திருக்கும். அந்தக் காய் கொஞ்சமாவது அந்த வரிசைக்கு வந்திருக்கும்.

14-ம் தேதி மத்தியானம் 2:35-க்கு சந்திரயான்-3 கிளம்பினப்ப டீக்கடை டிவி முன்னால ஊரே நின்னுச்சு. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல்தான் திட்ட இயக்குநர், அப்பா ரயில்வேயில டெக்னீஷியனா இருந்தவர்னு சொன்னதும் எல்லாரும் கை தட்டினோம். அடுத்த மாசம் 23-ம் தேதி நிலாவுல இறங்குமாம். நான் விரல் விட்டு எண்ணினேன். 40 நாள். தக்காளி நாத்து நட்டு முதல் பழம் பறிக்க 65, 70 நாள் ஆகும். நிலாவுக்குப் போறவன் என்னிக்குப் போய்ச் சேருவான்னு தேதி சொல்லிட்டான். 70-ஆவது நாள் என் பெட்டி என்ன விலைக்குப் போகும்னு சொல்ல ஆள் இல்லை.

இதை ஏன் சொல்றேன்னா, இந்த 50 சென்ட் சும்மா கிடக்கு. நாத்துப் பண்ணையில கூட்டம் அம்முது. தையில 70 பைசாவுக்கு வாங்கின நாத்து இப்போ 1 ரூபாய் 20 பைசா, அதுவும் முன்பணம் கட்டிட்டுக் காத்திருக்கணும். எல்லாரும் தக்காளிதான் போடப்போறாங்க. எல்லாரும் போட்டா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும், அந்த வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "எல்லாரும் போடுறாங்களே, விலை படுத்துருமே"ன்னு பேசிக்கிட்டே முன்பணம் கட்டுறோம்.

நேத்து ராத்திரி என் வீட்டுக்காரம்மா காதுல இருந்த தோட்டைக் கழட்டி வச்சுச்சு.

"ஏனுங்க, மோட்டாருக்குப் போக மிச்சம் ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். இதை வச்சுக்கங்க. இப்ப நட்டா புரட்டாசியில பறிப்புக்கு வரும். புரட்டாசியில பாதி ஊரு கறி திங்காது. காய்க்கு விலை இருக்கும்."

"எல்லாரும் அதே கணக்குத்தான் போடுவாங்க."

"எல்லாரும் போட்டா நாமும் அழுவோம். யாரும் போடாம விட்டு விலை ஏறுச்சுன்னா, நாம மட்டும் தனியா அழணும். எது தேவலை?"

எனக்குப் பதில் வரல. ரொம்ப நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தோடு காதுலயே இருக்கட்டும். 50 சென்ட்டும் வேண்டாம், 20 சென்ட்டுக்கு மட்டும் தக்காளி. 1,200 நாத்து, 1,440 ரூபாய். மிச்சத்துல மாட்டுக்குத் தீவனச் சோளம். விலை படுத்தாலும் மாடு தின்னும், தக்காளியை மாதிரி மூணு நாள் கெடு வைக்காது. இன்னிக்குக் காலையில போய் முன்பணம் கட்டிட்டேன். ஆகஸ்ட் முதல் வாரம் நாத்துத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

உங்ககிட்ட ஒரு விண்ணப்பம். அக்டோபர்ல ஒரு நாள் உங்க தெருவுக்கு வண்டி வந்து, மூணு கிலோ 20 ரூபாய்னு மைக்ல கூவும். அன்னிக்கு, ஆஹா தக்காளி சல்லிசாயிருச்சேன்னு சந்தோஷப்படுங்க, தப்பில்லை. ஆனா ஒரு கிலோ வாங்குற இடத்துல மூணு கிலோ வாங்கித் தொக்குப் பண்ணி வச்சுக்கங்க. என் 20 சென்ட்டும் அந்த வண்டியில இருக்கலாம்.

ராத்திரி பத்து மணிக்குத்தான் மும்முனைக் கரண்ட் வருது. சோளம் விதைக்க நிலத்தை நனைக்கணும். காயில் புதுசு, எப்படி ஓடுதுன்னு கூடவே இருந்து பார்க்கணும். போற வழியில பங்காளி டார்ச் அடிப்பார். இன்னிக்கு நானே முதல்ல சத்தம் கொடுத்துக்கிட்டுப் போறேன்.